மூன்று நிமிஷக் கவிகள்

ஆப்பிரிக்காவின் நடுவே, கடற்கரையே காணாத சாட் தேசத்தின் தலைநகரம் என்ஜமேனா. 2018-ஆம் வருஷத்தில் அங்கே ஆப்பிரிக்கக் கோப்பைப் போட்டியொன்று நடந்தது. பந்தாட்டமன்று, கவிதை! கண்டத்தின் பல தேசங்களிலிருந்தும் இளங்கவிகள் வந்து மேடையேறினார்கள்.

'ஸ்லாம்' என்னும் இம்முறையைச் சிருஷ்டித்தவர் வித்துவான் அல்லர். சிக்காகோ நகரில் கட்டட வேலை செய்த மார்க் ஸ்மித். 1986-இல் ஒரு மதுச்சாலை மேடையில் இதை நிலைநாட்டினார். அவர் முறைப்படி, கவிதை சொந்தமாயிருக்க வேண்டும். மூன்று நிமிஷத்துக்குள் முடிய வேண்டும். வேஷமும் வாத்தியமும் கூடா. சபையில் வந்து உட்கார்ந்தவர்களில் ஐவரே நடுவர். அவர்கள் இடும் மார்க்குகளில் மிக உயர்ந்ததும் மிகத் தாழ்ந்ததும் தள்ளுபடி. (ஒன்று மாமனுடையது, மற்றது பங்காளியுடையது என்ற எண்ணம் போலும்!)

வமிசாவளிகளையும் வீரகதைகளையும் நாவிலேயே காத்துவந்த 'கிரியோ' என்னும் பாணர் குலம் மேற்கு ஆப்பிரிக்காவில் நெடுங்காலமாக உண்டு. ஆகவே அந்நாட்டாருக்குச் சரக்குப் புதிதன்று, பெயர்தான் புதிது.

நம் மனத்தை உறுத்துவது வேறு. சாட் தேசத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட பாஷைகள் வழங்குகின்றன; ராஜாங்க பாஷைகளோ பிரெஞ்சும் அராபியும். 1960-இல் பிரெஞ்சு ஆட்சி போயிற்று, பிரெஞ்சு போகவில்லை. அண்டை நாட்டுக் கவிகள் இருவர் அளவளாவுவதற்குப் பழைய எஜமானரின் பாஷையே பாலமாக நிற்கிறது. தாய்மொழியில் சொன்னால் நடுவருக்கு விளங்காமற் போகலாம். பிரெஞ்சில் சொன்னால், ஊரில் இருக்கும் பாட்டிக்கு விளங்காது.

மேற்கு ஆப்பிரிக்கக் கவிகள் சிலர் பிரெஞ்சுக்கு நடுவே உவலொப், பம்பாரா முதலிய தம் மொழிகளையும் கலந்து சொல்லுகிறார்கள். பாட்டி வாசற்படி வரையில் வந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளலாம்.