வெள்ளைக்காரனே தேவலாம் என்பவர்களுக்கு

“இதுக்கு வெள்ளைக்காரனே தேவலாம்.” மதுரையில் தாலுகா ஆபீஸ் வாசலிலும் டவுன் பஸ்ஸிலும் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம். வயசானவர்கள்தான் சொல்கிறார்கள் என்றில்லை; சுதந்திரத்துக்குப் பல காலம் கழித்துப் பிறந்தவர்களும் சொல்கிறார்கள். ஆளத் தெரியாதவர்கள் கையில் நாடு போய்ச் சீரழிந்தது என்பதே இதன் பொருள்.

சீரழிவே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. பட்டா மாற்றப் பணம் கேட்கிறார்கள். கண்மாய்கள் ஆக்கிரமிப்பில் போகின்றன. தேர்தல் வந்தால் கவர் வருகிறது. இதைப் பார்த்து வரும் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தில் வெள்ளைக்காரனுக்கு நற்சான்று எழுதிக் கொடுப்பதுதான் தவறு. அந்த நற்சான்று பொய். அதோடு, இன்று தப்பு செய்கிறவனை அது காப்பாற்றுகிறது. “நம்ம ஜனங்களே இப்படித்தான்” என்று முடிவாகிவிட்டால், எவனையும் பெயர் சொல்லிக் கேள்வி கேட்க வேண்டியதில்லையே!

“அணை கட்டிக் கொடுத்தானே” என்பதுதான் எப்போதும் முதலில் வரும். முல்லைப் பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டது. அது இல்லாமல் மேலூர்ப் பக்கத்து வயல்கள் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் அதைக் கட்டிய பென்னிகுவிக் படத்தை வீட்டில் மாட்டி வணங்குகிறார்கள்; வணங்கத்தக்க மனிதர்தான். ஆனால் ஒரு நல்ல இன்ஜினியரின் பெருமை அந்த ஆட்சியின் பெருமை ஆகிவிடாது. பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை, சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை காலத்திலேயே, அதாவது 1789 வாக்கிலேயே இருந்தது. பணம் போதாமல் நின்றது. பணமும் படையும் வைத்திருந்த கம்பெனியும் பிறகு வந்த ராணியின் அரசும் நூறு வருஷம் கழித்துத்தான் அதைச் செய்து முடித்தன. இடையில் தாது வருஷப் பஞ்சம் வந்தது.

1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மட்டும் முப்பது லட்சம் பேருக்குக் குறையாமல் செத்திருப்பார்கள் என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. 1877 தொடக்கத்தில் பஞ்ச நிலையைப் பார்க்க அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் நாளெல்லாம் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் மேலே கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக்கிலோவுக்கும் குறைவு. அப்போது குஞ்சரம் என்ற தாசி தன் சொத்தையெல்லாம் விற்று ஊருக்குக் கஞ்சி ஊற்றினாள் என்று மதுரையில் இன்றும் சொல்கிறார்கள். ஊர் நன்றியோடு நினைப்பது அவளைத்தான், டெம்பிளை அல்ல. சுதந்திரம் வந்த பன்னிரண்டாம் வருஷம், 1959இல், வைகை அணை வந்தது. 1956இல் காமராஜர் பள்ளியில் மதியச் சோறு போட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. இவற்றிலும் குறை இருக்கலாம். ஆனால் குறையிருந்தால் ஓட்டுப் போய்விடும் என்ற பயம் ஆள்கிறவனுக்கு இருக்கிறது. டெம்பிளுக்கு எந்த ஓட்டைப் பற்றிய பயம் இருந்தது?

அடுத்தது, “சட்டம் ஒழுங்கு இருந்தது.” இதை உசிலம்பட்டிப் பக்கம் போய்ச் சொல்லுங்கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தை அங்கே ரேகைச் சட்டம் என்பார்கள். பிறமலைக் கள்ளர் வீட்டில் பிறந்த ஆண், எந்தத் தப்பும் செய்யாமலே பத்து விரல் ரேகையும் பதிய வேண்டும். ராத்திரி தன் வீட்டில் பெண்டாட்டி பிள்ளையோடு படுக்க முடியாது. காவலுக்கு உட்பட்ட பொது இடத்தில் படுக்க வேண்டும். அடுத்த ஊரில் கல்யாணம், சாவு என்றால் ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றார்கள். போலீஸ் சுட்டது. பதினாறு பேர் செத்தார்கள். அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி. அந்தப் பதினாறு பேருக்கும் ஊரில் நினைவுத்தூண் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் ஒழிந்தது. பாதுகாப்பாக இருந்தோம் என்று சொல்கிறவர்கள், யாருடைய ராத்திரிகளைப் பறித்து அந்தப் பாதுகாப்பு வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

“லஞ்சம் இல்லை, அதிகாரி நேர்மையானவன்” என்பதற்கு அவர்களுடைய காகிதமே பதில் சொல்கிறது. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காக நடந்த சித்திரவதையை விசாரித்த கமிஷன் 1855இல் அறிக்கை கொடுத்தது. கிட்டி போடுதல் என்றால் இரண்டு குச்சிகளுக்கு நடுவே விரல்களை வைத்து நசுக்குவது. அண்ணாந்தாள் என்றால் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் குனிய வைப்பது. நிலவரியும் அதற்கு மேல் கைக்காசும் இப்படித்தான் கறக்கப்பட்டன. சாத்தான்குளத்தில் 2020இல் தகப்பனையும் மகனையும் போலீஸ் அடித்துக் கொன்றதைப் பார்த்தோம். ஸ்டேஷன் அடி ஒழியவில்லை என்பது நமக்கு வெட்கக்கேடு. ஆனால் அது நாம் சுதந்திரத்தோடு கண்டுபிடித்த நோய் இல்லை. அன்றிலிருந்தே ஒட்டிக்கொண்டு வந்தது. சாத்தான்குளம் விஷயத்தை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே கையில் எடுத்து, மாஜிஸ்டிரேட்டை ஸ்டேஷனுக்குள் அனுப்பியதே, அது இந்தக் குடியரசு கொடுத்த பிடி.

சாதி விஷயத்தில் வெள்ளைக்காரன் நடுநிலை என்பது நான்காவது வாதம். கமுதி அப்போது மதுரை ஜில்லாவில் இருந்தது. அங்கே மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் 1897இல் நாடார்கள் நுழைந்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு உரிமை இல்லை என்று தீர்ப்பானது. பாரபட்சத்துக்குச் சட்ட முத்திரை அங்கேதான் குத்தப்பட்டது. 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரை மீனாட்சி கோயிலுக்குள் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயரோடு தலித் மக்களும் நாடார் சமூகத்தவரும் சென்றபோது, மாகாணத்தில் இருந்தது தேர்ந்தெடுத்த மந்திரிசபை.

இதைச் சொல்லிவிட்டு மேலவளவை மறைக்கக் கூடாது. 1997இல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டது சுதந்திர நாட்டில்தான். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதால் பத்து வருஷம் தேர்தலை முறையாக நடக்க விடவில்லை. யாராவது ஜெயித்தாலும் உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006இல்தான் முறையாக நடந்தது. அந்தப் பத்து வருஷமும் நம் வெட்கம். ஆனால் முருகேசன் எதற்காகச் செத்தார்? பிரிவி கவுன்சில் தராத ஒன்றை அரசியல் சட்டம் தந்தது, அதை விட்டுக் கொடுக்க மாட்டேன் என்றுதான். அவரிடம் போய், அந்த நாற்காலியே இல்லாத காலம் மேல் என்று சொல்ல முடியுமா?

கடைசி வாதம் திருமங்கலம். 2009 ஜனவரி இடைத்தேர்தலில் வீடுவீடாகப் பணம் போனதாக எழுந்த பேச்சு ‘திருமங்கலம் பார்முலா’ என்று நாடு முழுக்கப் பரவியது. “ஓட்டை விற்கிற ஜனங்களுக்கு எதற்கு ஜனநாயகம்” என்று நகரத்துக்காரர்கள் அன்று முதல் கேட்கிறார்கள்.

ஜனநாயகத்தின் மேல் இந்த அவநம்பிக்கை நமக்கு மட்டும் வந்ததல்ல. 1957இல் விடுதலையான ஆப்பிரிக்க நாடான கானாவிலும் இதே மாதிரி நம்பிக்கை உடைந்தது. அந்நாட்டின் தலைவர் நிக்ருமாவின் அரசு மறுவருஷமே விசாரணையில்லாமல் சிறை வைக்கச் சட்டம் போட்டது. 1966இல் ராணுவம் புகுந்தது. பல ஆட்சிக் கவிழ்ப்புகளைக் கண்டபின் 1992இல் புது அரசியல் சட்டம் எழுதிக்கொண்டார்கள். 2000, 2008, 2016, 2024 என்று நான்கு முறை ஆளுங்கட்சி ஓட்டில் தோற்று வீட்டுக்குப் போயிருக்கிறது. கெட்டுப்போனதை அந்த மக்கள் ஓட்டை வைத்தே சரிசெய்தார்கள். பழைய எஜமானைத் தேடவில்லை.

திருமங்கலத்துக்கு வருகிறேன். ஓட்டுக்கு லஞ்சம் குற்றம், ஓராண்டு வரை சிறை என்ற பிரிவு இந்திய தண்டனைச் சட்டத்தில் எப்போது சேர்ந்தது தெரியுமா? 1920இல். வெள்ளைக்காரன் ஆட்சியில். நிலமும் வரியும் உள்ள சிறு கூட்டத்துக்கு மட்டும் ஓட்டு இருந்த காலத்தில். ஏழைகளில் பெரும்பாலோர் ஓட்டுப் போட முடியாத தேர்தலுக்கே அந்தச் சட்டம் தேவைப்பட்டது. அதே பிரிவு இன்றைய புதுச் சட்டத்திலும் இருக்கிறது. அதன்படி கொடுத்தவனும் குற்றவாளி. தெருவில் கவர் வாங்கிய கிழவியைப் பற்றி வருஷக்கணக்காகப் பேசுகிறோம்; கவரில் வைத்த பணம் எந்த கான்ட்ராக்டிலிருந்து வந்தது என்று கேட்பவர்கள் எத்தனை பேர்?