குதிரைக்கு லேடீஸ் கோட்டா தெரியாது!

தாம்பரம் டு பீச் எலெக்ட்ரிக் ட்ரெயின்ல தினமும் எத்தனை பேர் கிண்டியில இறங்குறீங்க? அந்தக் கூட்டத்துல யாரையாவது நிறுத்தி, 'இந்தியாவோட முதல் பெண் ஜாக்கினு சொல்லப்படுறவங்க யாரு?'னு கேட்டுப் பாருங்க. 'ஜாக்கிசானுக்குத் தங்கச்சி இருக்காங்களா?'ம்பாங்க. ஜாக்கின்னா ரேஸ் குதிரை மேல ஏறிப் பறக்கிறவங்க, பாஸ்! அவங்க பேரு ரூபா சிங். நம்ம சென்னைக்காரங்க!

பூர்வீகம் ராஜஸ்தான். தாத்தா உகம் சிங், பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் குதிரைகளைப் பழக்கினவர். அப்பா நர்பத் சிங், ரேஸ் குதிரை டிரெய்னர். சகோதரர் ரவீந்தர் சிங்கும் ஜாக்கி. நாம எல்.கே.ஜி. வாசல்ல அழுது புரண்ட நாலு வயசுலயே இவங்க குதிரை ஏறியாச்சு. அப்புறம் ஜெயிச்ச ரேஸ் 700-க்கும் மேல, கூடவே ஏழு சாம்பியன்ஷிப்!

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. நம்ம ஊர் குதிரை ரேஸ்ல ஆம்பளைக்கு ஒரு லைன், பொம்பளைக்கு ஒரு லைன்னு கிடையாது. ஒரே கேட், ஒரே தூரம், ஒரே ஃபினிஷ் போஸ்ட். எந்தக் குதிரை எவ்வளவு எடை சுமக்கணும்னு முன்னாடியே சொல்லிடுவாங்க. ஜாக்கி அதைவிட லேசா இருந்தா, சேணத்துல ஈயத்தைச் சொருகி சரிக்கட்டுவாங்க. எடைக்குத்தான் கணக்கு, ஆம்பளையா பொம்பளையாங்கிறதுக்கு இல்லை. ஆஹா, எவ்வளவு நியாயம்னு தோணுதுல்ல?

இருங்க, இருங்க. ஜாக்கிக்குச் சொந்தக் குதிரை கிடையாது. ஓனரும் டிரெய்னரும் 'இந்தா, நீ ஓட்டு'னு கொடுத்தாதான் உண்டு. புதுசா வந்தவங்களுக்கு ஜெயிக்கிற குதிரையை யாரும் லேசுல தூக்கிக் கொடுத்துட மாட்டாங்க. கேம்பஸ் இன்டர்வியூ மாதிரிதான்... எக்ஸ்பீரியன்ஸ் இருந்தா வேலை, வேலை கிடைச்சாதான் எக்ஸ்பீரியன்ஸ்! அதுலயும், பொண்ணுங்க அதிகம் வராத லைன்ல ஒரு பொண்ணு. அந்த 700-ங்கிற நம்பரை இப்போ ஒரு தடவை திரும்பப் படிச்சுப் பாருங்க.

இதுக்கு நேர் மாறா ஒரு ரூட் இருக்கு. அமெரிக்காவுல ரோடியோன்னு ஒரு திருவிழா. கவ்பாய்ங்க முரட்டுக் குதிரை ஏறுவாங்க, மாட்டை மடக்குவாங்க. நம்ம ஜல்லிக்கட்டையும் ரேக்ளாவையும் ஒரே மைதானத்துல வெச்ச மாதிரினு வெச்சுக்கங்களேன். அங்கே பொண்ணுங்களுக்கு ஒரு காலத்துல கிடைச்சதெல்லாம் அலங்காரம் பண்ணிக்கிட்டுக் குதிரையில வலம் வர்ற வேலை. 1948-ல டெக்சாஸ் மாநிலம் சான் ஏஞ்சலோவுல 38 பொண்ணுங்க ஒண்ணு கூடி, 'போங்கப்பா, எங்க ஆட்டத்தை நாங்களே நடத்திக்கிறோம்'னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அவங்க வளர்த்தெடுத்த ஆட்டம்தான் பேரல் ரேஸிங்.

ரூல் ரொம்ப சிம்பிள். ரோடு போடுறப்போ ஓரமா தார் டிரம் கிடக்குமே, அந்த சைஸ்ல மூணு டிரம். முக்கோணமா வெச்சிருப்பாங்க. மூணையும் சுத்திட்டு வந்த வழியே தெறிச்சு ஓடணும். ஒரு டிரம் சாஞ்சா அஞ்சு செகண்ட் அபராதம். ஜெயிக்கிறதும் தோக்கிறதும் செகண்டுல நூத்துல ஒரு பங்குல முடிவாகிற ஆட்டத்துல அஞ்சு செகண்டுன்னா... அரியர்தான்! அரை டன் குதிரையை ஃபுல் ஸ்பீடுல கொண்டு வந்து, பிரேக் அடிச்சு, டிரம்மை ஒட்டித் திருப்பணும். சென்ட்ரிபீட்டல் ஃபோர்ஸை எனக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தா முதல் செமஸ்டர்லயே புரிஞ்சிருக்கும்.

இந்த ஆட்டத்தோட சூப்பர் ஸ்டார் சார்மெய்ன் ஜேம்ஸ். 1984-ல உலக சாம்பியன் ஆனப்போ வயசு 14. அதுல இருந்து 1993 வரைக்கும் தொடர்ந்து பத்து வருஷம் அவங்கதான். 2002-ல இன்னொண்ணு, ஆக மொத்தம் 11. குதிரை பேரு ஸ்கேம்பர். ஆளைத் தூக்கிப் போடுற முரடுனு ஒதுக்கி வெச்சிருந்ததை வெறும் 1,100 டாலருக்கு வாங்கினாங்க. 1985 ஃபைனல்ஸ்ல ஒரு ரவுண்டு... ஓட ஆரம்பிச்சதும் கடிவாளம் கழண்டு போச்சு. ஸ்கேம்பர் பாட்டுக்கு மூணு டிரம்மையும் சுத்திட்டு வந்து அந்த ரவுண்டை ஜெயிச்சுக் கொடுத்துச்சு! அந்த ஃபைனல்ஸ்ல, வருஷத்துல அதிகப் பரிசுப் பணம் ஜெயிச்சவங்க முதுகுல ஒண்ணாம் நம்பர் குத்துவாங்க. 1987-ல அந்த நம்பரை வாங்கினது சார்மெய்ன். அதுக்கு முன்னாடி எந்தப் பொண்ணும் வாங்கினதில்லை.

நான் படிக்கிறது மெக்கானிக்கல். கிளாஸ்ல நாங்க பொண்ணுங்க நாலே பேர். சிம்போசியம் வந்தா 'லேடீஸ் ஈவென்ட்'னு ரங்கோலியும் மெஹந்தியும் வரும், அதை நடத்துற கமிட்டியில எல்லாருமே பசங்க. 'பொண்ணுங்களுக்குத் தனியா வெச்சாலே கேவலம்'னு எங்க நாலு பேர்ல ரெண்டு பேர் கொதிப்பாங்க. நான் அந்தக் கட்சி இல்லை. சான் ஏஞ்சலோவுலயும் தனியாத்தான் வெச்சாங்க. ஆனா என்ன ஆட்டம், என்ன ரூல், எவ்வளவு பரிசுங்கிறதை அந்தப் பொண்ணுங்களே முடிவு பண்ணினாங்க. பேரம் பேச ஒரு சங்கமும் இருந்துச்சு. ரூபா சிங்குக்கு அப்படி ஒரு கூட்டமே கிடையாது. அவங்க ஒத்தை ஆளாப் போய் பசங்க ரேஸ்லயே நின்னாங்க. எது கஷ்டம்னு கேட்டா, ரெண்டாவதுனுதான் சொல்லுவேன்.

அப்புறம் ஏன் இங்கே அவங்களை யாருக்கும் தெரியலை? ரேஸ்னா நம்ம வீட்டுல பெட் கட்டி அழிஞ்சு போன பெரியப்பா கதைதான் ஞாபகம் வரும். (பெட் கட்டுறது எனக்கும் ஆகாது.) தமிழ்நாட்டுல ரேஸைத் தடை பண்ண 1974-ல சட்டமே வந்துச்சு. 1996-ல சுப்ரீம் கோர்ட், 'இது சூதாட்டம் இல்லை, திறமை ஆட்டம்'னு தீர்ப்பு சொல்லிடுச்சு. திறமைன்னா குதிரையோடதும், அது மேல உட்கார்ந்திருக்கிற ஆளோடதும்தானே? நாம அந்த ஆளைப் பார்க்கவே இல்லை.

இப்போ அந்த கிண்டி மைதானமும் கைமாறுது. 2024 செப்டம்பர்ல தமிழக அரசு குத்தகையை ரத்து பண்ணி, 160 ஏக்கருக்கு சீல் வெச்சுது. விஷயம் கோர்ட்டுக்கும் போச்சு. அங்கே ஒரு பெரிய பூங்கா கொண்டு வரணும்ங்கிறது அரசோட திட்டம். பூங்கா வரட்டும், வேளச்சேரிக்குத் தண்ணி வடிஞ்சா சந்தோஷம்தான். பக்கத்துலயே ஃபைவ் ஃபர்லாங் ரோடு இருக்கு, தெரியும்ல? ஃபர்லாங்குங்கிறது குதிரை ரேஸ் தூரத்தை அளக்குற கணக்கு. அஞ்சு ஃபர்லாங்னா ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். ரேஸ் தூரத்துக்கே ஒரு ரோடு இருக்கிறப்போ, பூங்காவுல நடக்கிறதுக்குப் பாதை போட்டா அதுக்கு ரூபா சிங் பேரை வைக்கச் சொல்லி ஒரு மனு தட்டலாம்னு இருக்கேன். கையெழுத்துப் போட யார் யாரு ரெடி?