சிற்றுயிர்களும் நம் விரதமும்

தைப்பூசத்திற்கு மாலையணியும் முருகனடியார்கள் பலர், ஒரு மண்டலமாகிய 48 நாள்கள் புலால் உணவை அறவே விலக்குகின்றனர். அத்தனை நாள் இயலாதோரும் இரண்டு மூன்று வாரமேனும் சைவம் காக்கின்றனர். சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து காவடி சுமந்து வருவோரையோ, பத்துமலையின் 272 படிகளை ஏறுவோரையோ அணுகி, புலாலை விலக்கியது எதற்காக என்று கேட்டால், "உடலும் உள்ளமும் தூய்மையாக இருக்க வேண்டும்" என்பதே பெரும்பாலும் விடையாக வரும்.

அவ்விடை தவறன்று. ஆயினும் அதில் ஆட்டைப் பற்றியோ மீனைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. நம் தூய்மை பேசப்படுகிறது. அவ்வுயிர்களின் துன்பம் பேசப்படுவதில்லை. திருவள்ளுவர் புலான்மறுத்தல் என்னும் அதிகாரத்தை அருளுடைமைக்கு அடுத்தே வைத்தார். புலால் மறுப்பதை உடல் தூய்மையோடு அல்ல, அருளோடு சேர்த்தே அவர் கண்டார் என்று இவ்வைப்புமுறையைக் கொண்டு நான் கருதுகிறேன்.

அருளே காரணம் எனில், நம்மவரிடையே பரவலாக உள்ள ஒரு வழக்கத்தை உற்றுநோக்க வேண்டும். "ஆடு, கோழியை விட்டுவிட்டேன், மீன் மட்டும்தான்" என்று சொல்வோர் பலர். உயிர் சிறிதானால் பாவமும் சிறிது என்னும் எண்ணம் இதன் அடியில் உள்ளது. ஓர் ஆட்டின் இறைச்சி பல குடும்பங்களுக்கு ஒரு வேளை உணவாகும். நாசி லெமாக்கின் மீது தூவப்படும் ஒரு கைப்பிடி நெத்திலியில் எத்தனை உயிர்கள்! பெலாச்சானோ கூனி இறாலை உப்பிட்டு இடித்துச் செய்யப்படுவது. ஒரு கரண்டிச் சம்பலில் அடங்கியவற்றை எண்ணி முடிக்க இயலாது.

ஆட்டுக்குள்ள உணர்வு கூனி இறாலுக்கு உண்டோ எனச் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. தொல்காப்பிய மரபியல் சிப்பி போன்றவற்றுக்கு இரண்டறிவும், எறும்புக்கு மூன்றறிவும், நண்டுக்கு நான்கறிவும் வகுத்தது. குறைவு என்றதேயன்றி இல்லை என்னவில்லை. 2021இல் லண்டன் பொருளியல் பள்ளி ஆய்வாளர்கள் 300க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்து, நண்டு, இறால், கணவாய் வகைகள் வலியை உணரக்கூடியவை எனக் கொள்வதற்குப் போதிய சான்று உண்டென அறிவித்தனர். மறு ஆண்டே பிரிட்டன் அவற்றைத் தன் விலங்கு நலச் சட்டத்தில் சேர்த்துக்கொண்டது.

பூச்சிகளும் இப்போது தட்டுக்கு வந்துள்ளன. சிங்கப்பூர் உணவு அமைப்பு 2024 ஜூலையில் 16 வகைப் பூச்சிகளை மனித உணவாக அனுமதித்தது. வெட்டுக்கிளியும் பட்டுப்புழுவும் அவற்றுள் அடக்கம். இவற்றை வளர்க்க நிலமும் தீவனமும் குறைவாகவே வேண்டும் என்பது உண்மையே. ஆனால் ஒரு கிலோ எடைக்கு மாயும் உயிர்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் பெருகுவதையும் சொல்லாமல் விடலாகாது. (பட்டுப்புழுவைத் தின்பதா என முகம் சுளிப்போர், கூட்டோடு வெந்நீரில் மாண்ட புழுவின் நூலைத்தான் திருவிழாவன்று உடுத்துகிறோம் என்பதை ஏனோ நினைப்பதில்லை.)

கீரை வயலிலும் பூச்சி சாகிறதே என்பது அடிக்கடி எழும் மறுப்பு. ஆம், சாகிறது. ஆயினும் ஆடும் கோழியும் பண்ணை இறாலும் உண்ணும் தானியமும் வயலில் விளைந்ததுதானே? அவற்றை உண்பவர் வயலில் மாய்ந்த உயிர்களுக்கும் பொறுப்பாகிறார். தவிர்க்கவியலாத ஒன்றைக் காட்டி, தவிர்க்கக் கூடியதையும் செய்வது வாதமாகாது.

தோட்டப்புறக் கோயில்களில் காவல் தெய்வத்திற்குக் கிடாய் வெட்டும் வழக்கத்தை நகரத்தார் இகழ்கின்றனர். அவ்வழக்கம் மறைவதே நன்று. எனினும் அங்கு வெட்டுபவர் அவ்வுயிரின் கண்ணைப் பார்க்கிறார். பேரங்காடியில் துண்டுகளை உறையிலிட்டு வாங்குவோர்க்கு அந்தப் பார்வையும் இல்லை. ஆகவே அவர் இகழ்வதற்கு உரியவர் அல்லர்.

ஆலய நிர்வாகங்கள் விரத முறைகளை விளக்கும்போது, உண்ணத்தகாதவற்றின் பட்டியலோடு, அதனால் உயிர் தப்பியவை எவை என்பதையும் இளையோர்க்குச் சொல்லலாம். விரதம் முடிப்போர் 49ஆம் நாளில் எல்லாவற்றையும் மீண்டும் தொடங்காமல், நெத்திலியையும் பெலாச்சானையுமாவது விட்டுவைக்கலாம். பெலாச்சானுக்குப் பதிலாகத் தௌச்சோ எனும் சோயாப்பயற்று விழுதை வதக்கிச் சேர்த்தால் சம்பல் சுவைபடவே அமையும். விரத நாள்களில் அடுப்படியில் நின்ற தாய்மார்க்கு இது புதிய செய்தியன்று.