காற்றில் ஏறும் நிலுவை

மின்விசிறியின் தேவையே அறியாதிருந்த வீடுகளைப் பெங்களூருவின் மூத்த குடியிருப்பாளர்கள் இன்றும் நினைவுகூர்வர். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஏரிகளும் நிழல்மரங்களும் சூழ வளர்ந்த நகரம் அது. அங்கே 2016 ஏப்ரலில் வெப்பநிலை 39.2 டிகிரி செல்சியசைத் தொட்டது. 2024 ஏப்ரலில் 38.5 டிகிரி. அக்கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்ற, பல பகுதிகளில் மக்கள் தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தனர்.

ஏரிகளைத் தூர்த்ததும் மரங்களை வெட்டியதும் காரணம் என்பர். எல் நினோவையும் சுட்டுவர். இரண்டும் உண்மையே. ஆயினும் ஏரியோ மரமோ இல்லாத நடுக்கடலிலும் வெப்பம் கூடிவருகிறது. 1850–1900 காலச் சராசரியைவிட 2024இல் உலக வெப்பநிலை ஏறத்தாழ 1.55 டிகிரி மிகுந்திருந்தது. நகரின் தவறுகளுக்கு அடியில் உலகப் பொதுக் கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

அக்கணக்கு புதிதன்று. புவி வெளிவிடும் வெப்பக் கதிர்களைக் கரியமிலவாயு ஈர்த்துக்கொள்வதை 1859இல் ஜான் டிண்டால் ஆய்வுக்கூடத்தில் காட்டினார். அவ்வாயு பெருகினால் புவி எவ்வளவு சூடாகும் என்று 1896இல் ஸ்வாந்தே அரேனியஸ் கணக்கிட்டார். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த அவ்வாயு, 1958இல் 315 ஆகி, 2024இல் 420ஐக் கடந்தது.

வங்கிக் கணக்கு அறிந்தோர்க்கு இதன் இயல்பு எளிதில் விளங்கும். ஆண்டுதோறும் நாம் வெளியிடும் வாயு புதிதாக வாங்கும் கடன். இதுவரை வெளியிட்ட மொத்தம் நிலுவை. வெப்பநிலை அந்த நிலுவையையே பின்தொடர்கிறது. ஒரு லட்சம் கோடி டன் கரியமிலவாயு சேருந்தோறும் ஏறத்தாழ 0.45 டிகிரி வெப்பம் உயரும் என்பது ஐ.நா. காலநிலைக் குழுவின் மதிப்பீடு. 1850 முதல் 2019 வரை வெளியிட்டது ஏறத்தாழ 2.4 லட்சம் கோடி டன். ஆகவே, ஆண்டு உமிழ்வைப் பாதியாக்கினாலும் நிலுவை ஏறிக்கொண்டேயிருக்கும். வேகம் மட்டுமே குறையும். நிகர உமிழ்வு சுழியமாகும்போதுதான் வெப்ப உயர்வு ஏறக்குறைய நிற்கும்.

இக்கடனில் பெரும்பங்கு செல்வ நாடுகள் வாங்கியது. இந்தியரின் தனிநபர் உமிழ்வு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. அந்நாடுகளிடம் நியாயம் கேட்பது நம் உரிமை. ஆனால் வட்டியோ கடன் வாங்காதவர் வாசலுக்கும் வருகிறது. கூரையின்கீழ் வேகும் வீடும் வற்றிய கிணறும் அந்த வட்டியே.

இருபது ஆண்டுத் தவணையில் வீடு கட்டுவோர் அந்த இருபது ஆண்டுக் கோடைகளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது நம் கருத்து. நம் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. வெயிலைத் திருப்பும் வெண்கூரை, காற்றோட்டம், மழைநீர்ச் சேகரிப்பு ஆகியவற்றைக் கட்டும்போதே அமைத்தல் எளிது. பின்னர்ச் சேர்த்தல் செலவு. கூரைமேல் சூரியத் தகடு அமைக்க, 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் ரூ. 78,000 வரை மானியம் அளிக்கிறது. சூரிய ஒளியில் வெந்நீர் காய்ச்சும் கலன்களைப் பெங்களூருவின் மாடிகள் முன்பே ஏற்றுக்கொண்டன, தகடுகளையும் ஏற்கும்.

ஒரு வீட்டால் உலக நிலுவை தீராது. எனினும் கடன் சுமையிலிருந்து மீண்டவர் எவரும் முதலில் செய்தது ஒன்றே: புதிய கடனை நிறுத்தினர்.