சயாமில் பிரம்மாவுக்கு மாலை! செத்த கூலிக்காரனுக்கு?

இப்பொழுது நம்மவர்களில் வெளிதேசம் போய்வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஒரு காலத்தில் ஜமீன்தார் மகனும் பாரிஸ்டர் பரீட்சைக்குப் படிப்பவரும்தான் கப்பலேறுவார்கள் என்றிருந்தது போய், இன்று ஜவுளிக்கடைக்காரரும், பள்ளிக்கூட வாத்தியாரும், ரைஸ்மில் முதலாளியும் மாதாமாதம் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்து, ஐந்து நாள் சயாமையும் சிங்கப்பூரையும் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். இதை நாம் குறையாகச் சொல்ல வரவில்லை. நாலு இடம் போனால்தான் நம் ஊர்க் கோவில் மதிற்சுவரோடு உலகம் முடிந்துவிடவில்லை என்பது மனிதனுக்குத் தெரியும். ஆனால் போய்வந்தவர்கள் கொண்டுவருவது என்ன என்று பார்த்தால்தான் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆகாயக் கப்பலில் என்ன தின்னக் கொடுத்தார்கள், ஓட்டல் அறையில் எத்தனை குழாய், எந்தக் கடையில் எதை எவ்வளவுக்குப் பேரம் பேசினோம் என்பவைதான் அவர்கள் அனுபவம். இவற்றைச் சொல்ல மனிதன் வேண்டியதில்லை. கூடப்போன தோல் பெட்டிக்கு வாய் இருந்தால் அதுவே சொல்லிவிடும்.

சென்ற வருஷம் நானும் அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தோடு சயாமுக்குப் போயிருந்தேன். தாய்லாந்து என்பதுதான் இன்று அந்த நாட்டின் பேர் என்றாலும், மலாயாத் தமிழர் வாயில் அது இன்னும் சயாம்தான். நாங்கள் பதினான்கு பேர். பாங்காக்கில் இறங்கிய அன்றே வழிகாட்டி எங்களை அழைத்துப்போன முதல் இடம் ஒரு பிரம்மா கோவில்.

அந்தக் கோவிலின் ஸ்தல புராணத்தைக் கேளுங்கள். 1950-களில் அந்நாட்டுச் சர்க்கார் எராவான் என்று ஒரு பெரிய ஓட்டலைக் கட்டியது. கட்டும்போது ஆட்களுக்குக் காயம், செலவு எல்லை மீறியது, ஓட்டலுக்குச் சலவைக்கல் ஏற்றிவந்த கப்பலும் போய்விட்டது. மேஸ்திரியைக் கேட்கவேண்டிய இடத்தில் ஜோசியரைக் கேட்டார்கள். அஸ்திவாரம் போட்ட நேரம் சரியில்லை, பிரம்மாவை வைத்தால் தோஷம் நீங்கும் என்றார் அவர். 1956-ல் நாலு முகத்தோடு பொன்பூசிய பிரம்மா வந்து உட்கார்ந்தார். ஆக இது ஓட்டலுக்குத் திருஷ்டி கழிக்க வைத்த பொம்மை. நம் நாட்டில் பிரம்மாவுக்குத் தனிக் கோவில் அருமையிலும் அருமை; அவர் பொய் சொன்னதால் சாபம் என்று புராணமே சொல்லுகிறது. அப்படி இங்கே தள்ளிவைக்கப்பட்ட சாமிக்கு, அங்கே எங்கள் கூட்டத்தார் ஆளுக்கொரு சாமந்தி மாலையும் மரயானையும் வாங்கி வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். 2006-ல் சித்தம் கலங்கிய ஒருவன் அந்தச் சிலையைச் சுத்தியலால் உடைத்ததையும், சிலையால் தடுக்கமுடியாத அந்த மனிதனைப் பக்தர்கள் அங்கேயே அடித்துக் கொன்றதையும், 2015 ஆகஸ்ட் 17-ந் தேதி அதே வாசலில் வெடித்த குண்டில் 20 பேர் மாண்டதையும் வழிகாட்டி சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் மாலை விற்பனை குறைந்திருக்காது.

நிற்க, நான் சொல்லவந்த சங்கதி இதுவல்ல. பாங்காக்கிலிருந்து மேற்கே ரயிலில் இரண்டரை மூன்று மணி நேரம் போனால் காஞ்சனாபுரி என்ற ஊர் வருகிறது. அங்கே போகவேண்டும் என்று நான் சொன்னபோது கூடவந்த ஜவுளிக்கடை அண்ணாச்சி, “அங்கே என்ன கோவில் இருக்கு தோழரே?” என்று கேட்டார். “கோவில் இல்லை அண்ணாச்சி, சுடுகாடு இருக்கிறது” என்றேன். பதினான்கு பேரில் மூவர்தான் வந்தார்கள். மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போனார்கள்.

1942-ல் பர்மாவைப் பிடித்த ஜப்பான் ராணுவம், கடல்வழி ஆபத்தென்று கருதி, சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டையும் மலையையும் வெட்டி 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடத் தீர்மானித்தது. பல வருஷம் பிடிக்கும் வேலையை ஒன்றேகால் வருஷத்திற்குள் முடித்து, 1943 அக்டோபரில் இரண்டு பக்கத்துத் தண்டவாளத்தையும் இணைத்தார்கள். யந்திரம் கொஞ்சம், மனித உடம்புதான் யந்திரம். யுத்தக் கைதிகளான இங்கிலீஷ்காரர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் முதலியோர் சுமார் 60,000 பேர். அவர்களைவிட மூன்று பங்குக்கும் அதிகமாக, 2 லட்சம் பேர் அளவில், பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், தமிழர் ஆகிய கூலிகள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த நம் தமிழர்களே.

அவர்கள் எப்படிப் போனார்கள்? ரப்பருக்கு விலை இல்லை, அரிசி இல்லை. தோட்டத்துத் துரைமார்கள் ஜப்பான்காரன் வருமுன்பே ஓடிவிட்டார்கள். 1941 டிசம்பரில் பினாங்கிலிருந்து வெள்ளைக்காரர்களை மட்டும் இரவோடிரவாகக் கப்பலேற்றிவிட்டு, மற்ற ஜாதியாரை அப்படியே விட்டுப்போனதுதான் அன்றைய பிரிட்டிஷ் தர்மம். அந்தப் பசியில், கொஞ்ச மாத வேலை, நல்ல கூலி, சாப்பாடு என்று ஜப்பான்காரன் விளம்பரம் செய்தான். பலர் நம்பிப் போனார்கள். போதாதபோது கங்காணியையும் கிராணியையும் விட்டு ஆள்கணக்கு எடுத்தான். அதுவும் போதாதபோது இனாம் சினிமா என்று சொல்லிக் கூட்டி, கொட்டகைக் கதவை அடைத்து லாரியில் ஏற்றினான். பெண்டு பிள்ளைகளோடு போனவர்களும் உண்டு.

காஞ்சனாபுரி ரயில் நிலையத்திற்கு அருகிலேயே யுத்தக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள். புல் ஒரே மட்டமாக வெட்டியிருக்கிறது. ஒவ்வொரு கல்லிலும் வெண்கலத் தகட்டில் பேர், பட்டாளத்து நம்பர், வயது. 22, 24, 27 என்று வரிசையாக வயதைப் படித்துக்கொண்டு போனால் கல்நெஞ்சனும் கலங்குவான். நானும் கலங்கினேன். செத்தவன் வெள்ளைக்காரன் என்பதால் அந்தத் தாயின் துயரம் நமக்குச் சம்பந்தமில்லாததாகிவிடாது. ஆனால் வரிசை முடிந்து வேலிக்கு வந்தபின், “நம்ம ஆட்கள் எங்கே?” என்று ரைஸ்மில் நண்பர் கேட்டார். கல்லறைகளைப் பராமரிக்கும் கமிஷன் பட்டாளத்தாருக்காக ஏற்பட்டது. கூலி பட்டாளத்தான் அல்ல. ஆகையால் அவனுக்குக் கல் இல்லை. அவன் பாதையோரத்திலும், மூங்கில் காட்டிலும், கூட்டமாகத் தோண்டிய குழியிலும் கிடக்கிறான்.

அங்கே மலேசியாவிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ் அம்மாளைச் சந்தித்தேன். அறுபது வயதுக்கு மேலிருக்கும். பேரா மாநிலத்தில் ஒரு தோட்டத்துலயத்தில் பிறந்தவராம். அவருடைய தாத்தாவைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. “எங்க பாட்டி சாகுற வரைக்கும் தாலியைக் கழட்டலை தம்பி. கழட்டுன்னு சண்டை போட்டவங்களும் உண்டு, கழட்டினா பாவம்னு சொன்னவங்களும் உண்டு. செத்துட்டாருன்னு ஒரு துண்டுக் காயிதம் வந்திருந்தா அது பாட்டுக்கு அழுது முடிச்சிருக்கும்” என்றார். முப்பது வருஷத்திற்குமேல் அந்தக் கிழவி சுமங்கலியாகவும் இல்லை, விதவையாகவும் இல்லை. அவளுக்கு எந்த விசேஷத்தில் முன்னால் நிற்க உரிமை, எதில் பின்னால் ஒதுங்கவேண்டும் என்று லயமே கூடி விவகாரம் பேசிற்றாம். புருஷன் என்ன ஆனான் என்று விசாரிக்க ஒரு நாதியில்லை. அவள் நெற்றியில் பொட்டு இருக்கலாமா என்று விசாரிக்க ஊரே உண்டு!

இதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் கூட்டத்து வாத்தியார், “என்ன செய்வது, அவர்கள் தலைவிதி அப்படி” என்று பெருமூச்சு விட்டார். தோழர்களே! இந்தத் தலைவிதி என்ற வார்த்தையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கைதிகளில் மாண்டவர் 12,000-க்கு மேல். அதாவது ஐந்துக்கு ஒருவர். கூலிகளில் மாண்டவர் 90,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். அதாவது பாதிக்குச் சற்றுக் குறைவு. இருவருக்கும் எஜமானன் ஒருவன். அடியும் உதையும் பட்டினியும் மலேரியாவும் பொது. 1943 மழைக்காலத்தில் வந்த காலராவும் பொது. அப்படியிருக்க ஒருவன் தலையில் பிரம்மா ஒருவிதமாகவும், மற்றவன் தலையில் இரண்டு பங்காகவும் எழுதுவானேன்? எழுதியது பிரம்மா அல்ல. கைதிகளுக்குள் டாக்டர்கள் இருந்தார்கள். ஆஸ்திரேலிய டாக்டர் டன்லப் போன்றவர்கள் மருந்தில்லாத இடத்திலும் தண்ணீரைக் காய்ச்சியே குடி என்றார்கள். சோற்றுத் தகரத்தைக் கொதிநீரில் முக்கித் தின்னச் செய்தார்கள். மலக்குழியைத் தூரத்தில் வெட்டி மூடச் செய்தார்கள். உப்புநீரைக் காய்ச்சி வடித்துக் காலரா நோயாளியின் ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். சொன்னதைக் கேட்கவைக்க அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடும் இருந்தது. நம் கூலிகளிடையே டாக்டர் இல்லை, தலைவன் இல்லை, சொல்லிக்கொடுப்பவன் இல்லை. தாகத்திற்கு ஓடைத் தண்ணீரைக் குடித்தார்கள், செத்தார்கள். வெந்நீர் பிழைக்கவைத்தது, பச்சைத் தண்ணீர் கொன்றது. இதில் விதி எங்கே வந்தது?

பேர் விஷயமும் அப்படியே. கைதிகள் உயிருக்கு ஆபத்தென்று தெரிந்தே செத்தவர் ஜாபிதாவை ரகசியமாக எழுதினார்கள். புட்டியில் போட்டுப் புதைத்தார்கள். யுத்தம் முடிந்ததும் 1945-லேயே ஒரு குழு பாதை நெடுகப் போய் 144 இடுகாடுகளைக் கண்டுபிடித்து, பத்தாயிரத்திற்கு மேற்பட்ட கல்லறைகளை அடையாளம் கண்டது. எழுத்தறிந்தவன் எழுதினான், அவன் செத்தவன் பேர் நின்றது. எழுத்தே தரப்படாத ஜாதியில் பிறந்து, கங்காணி புத்தகத்தில் ஒரு கைநாட்டாக இருந்தவன் எதை எழுதுவான்? அவன் இருந்தபோதும் எண்ணிக்கை, செத்தபோதும் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கையும் உத்தேசம்!

கடல் தாண்டினால் ஜாதி போய்விடும் என்று பெளதாயன தர்மசூத்திரம் பெரும் பாவங்களின் வரிசையில் கப்பல் யாத்திரையை வைத்திருக்கிறது. இதைக் காட்டிச் சீமைக்குப் போய்வந்த பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிராயச்சித்தம் செய்வித்துத் தட்சிணை வாங்கினார்கள். ஆனால் நாகப்பட்டினத்திலிருந்து வருஷக்கணக்காகப் பறையனையும் பள்ளனையும் படையாச்சியையும் ஆட்டு மந்தைபோல் கப்பலேற்றியபோது எந்த மடாதிபதியாவது துறைமுகத்தில் நின்று, “ஐயோ, பாவம் வரும், ஏறாதே” என்று சொன்னதுண்டா? இழப்பதற்கு ஜாதி உள்ளவனுக்குத்தான் சாஸ்திரம் போலும்!

அன்றியும் ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் ஆற்றங்கரையில் பாருங்கள். தகப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று மூன்று தலைமுறைப் பேரைப் புரோகிதர் கேட்கிறார், எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார்கள். செத்தவரிடம் இவ்வளவு பிரியமுள்ள தேசத்தில், சயாம் காட்டில் செத்த பல்லாயிரம் பேரின் பேர்களை ஒருவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் சேர்த்தெழுத எத்தனை காலம் ஆயிற்று? பிடித்துக்கொண்டுபோன ஜப்பான் ராணுவமே பாலத்தருகே 1944-ல் ஒரு ஞாபகச் சின்னம் கட்டியது. அது பாசாங்கு என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பாசாங்கைச் செய்யக்கூட நமக்கு மனமில்லை. மலேசியத் தமிழரும் தாய்லாந்துத் தமிழரும் சில வருஷங்களாக முயன்றதன்மேல் 2023-ல்தான் காஞ்சனாபுரியில் தமிழர்களுக்காக ஒரு நடுகல் எழுந்தது. எண்பது வருஷம்! அந்தப் பாட்டி போன்றவர்கள் எல்லாம் போனபிறகு.

பாலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குவாய் நதிப் பாலம் என்று உலகப் பிரசித்தம் பெற்றது 1957-ல் வந்த ஒரு சினிமாவால். அது எடுக்கப்பட்டது சயாமில்கூட இல்லை. இலங்கையில் கித்துள்கலை என்னுமிடத்தில். அதில் இங்கிலீஷ் கர்னலின் மானமும் ரோஷமும்தான் கதை. நம் கூலிக்காரனுக்கு அதில் இடமில்லை. இன்று நிஜப் பாலத்தின்மேல் நின்று நம்மவர்களும் படம் பிடித்துக்கொள்கிறார்கள். பாலத்தைத் தாண்டி, மலைச்சரிவை ஒட்டிய மரச்சாரத்தின்மேல் ரயில் ஊர்ந்து போகும்போது, காலடியில் கிடக்கும் சிலிப்பர் கட்டைகளைச் சுமந்து வந்த தோள் யாருடையது என்று கேட்கிறவர் அந்த வண்டியில் எத்தனை பேர்?

“உல்லாசமாகப் போகிற இடத்தில் இழவுப் பேச்சு எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். ஓட்டலுக்கு வைத்த பிரம்மாவின் முன் அரைமணி நேரம் வரிசையில் நிற்பது உல்லாசமானால், பாட்டன் செத்த இடத்தில் கால்மணி நேரம் நிற்பது இழவாகிவிடுமா? யாரையும் அங்கே போய்க் கற்பூரம் கொளுத்தச் சொல்லவில்லை. செத்தவருக்குக் கற்பூரத்தால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. இருக்கிறவர்களுக்கு ஆகவேண்டிய காரியம்தான் பாக்கி.

தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு, தென்னார்க்காடு ஜில்லாக்களாக இருந்த பகுதிகளில், மலாயாவுக்குப் போய்க் கடிதம் நின்றுபோன ஒருவரைப் பற்றிய பேச்சு இல்லாத கிராமம் அதிகமிராது. வீட்டில் கிழவர் கிழவியர் இருந்தால் இன்றே கேளுங்கள். போனவர் பேர், தகப்பன் பேர், எந்தத் தோட்டம், எந்த வருஷம் கப்பலேறினார், கடைசிக் கடிதம் எப்போது வந்தது என்று தெரிந்தவரையில் எழுதுங்கள். பழைய கப்பல் சீட்டோ போட்டோவோ இருந்தால் செல்லரிக்குமுன் நகல் எடுங்கள். ஊர் வாசகசாலையில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு அதில் எல்லாவற்றையும் வரிசையாகப் பதியுங்கள். அடுத்த தடவை நம் ஊரிலிருந்து சயாமுக்குப் போகிறவர் யாராயிருந்தாலும், அந்த நோட்டின் நகல் ஒன்றைக் கொண்டுபோய் நடுகல் வைத்த தமிழர்களிடம் கொடுத்துவிட்டு, பிறகு கடைத்தெருவுக்குப் போகட்டும்.