மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை

சிங்கப்பூரின் முதல் பிரதமர் யார் என்று கேட்டால் மாணவர்கள் தயங்காமல் விடை கூறுவர். அவருக்கு முன் அரசாங்கத்தை வழிநடத்தியவர் யார் என்று கேட்டால் பலர் விழிப்பர். பிரதமர் பதவி 1959ஆம் ஆண்டில்தான் உருவாயிற்று. அதற்கு முந்திய நான்கு ஆண்டுகள் இங்கே 'முதலமைச்சர்' என்றொரு பதவி இருந்தது.

ரெண்டல் ஆணையத்தின் பரிந்துரையால் பிறந்த பதவி அது. 32 உறுப்பினர்கள் கொண்ட புதிய சட்டமன்றத்தில் 25 பேரை மக்களே தேர்ந்தெடுத்தனர். 1955 ஏப்ரல் 2ஆம் நாள் நடந்த தேர்தலில் தொழிலாளர் முன்னணி 10 இடங்களை வென்றது. அதன் தலைவரான வழக்கறிஞர் டேவிட் மார்ஷல் முதலமைச்சரானார். ஆனால், நிதியும் தற்காப்பும் உள்நாட்டுப் பாதுகாப்பும் பிரிட்டிஷார் கையிலேயே இருந்தன. அமைச்சரவைக் கூட்டத்திற்குத் தலைமை தாங்கியவரும் ஆளுநரே.

மார்ஷலுக்கென ஓர் அறைகூட ஒதுக்கப்படவில்லை. எம்பிரஸ் பிளேஸில் தாம் தேர்தல் உரையாற்றிய மரத்தடியிலேயே மேசை போட்டு அமரப் போவதாக அவர் மிரட்டினார். அதன் பிறகே மாடிப்படிக்குக் கீழே ஒரு சிறிய அறை கிடைத்தது. இதை வேடிக்கையாகச் சொல்வோர் உண்டு. உண்மையில், மக்கள் வாக்களித்து அமர்த்தியவருக்கு என்ன மதிப்பு என்பதே அங்கு எழுந்த கேள்வி.

அதே கேள்வி சில மாதங்களில் மீண்டும் எழுந்தது. துணையமைச்சர்கள் நால்வர் வேண்டும் என்றார் மார்ஷல். இருவர் போதும் என்றார் ஆளுநர் ராபர்ட் பிளாக். பதவி விலகுவேன் என்று மார்ஷல் எச்சரித்தார். முதலமைச்சரின் ஆலோசனையை ஏற்று ஆளுநர் நடக்க வேண்டும் என்னும் நிலைக்கு இறுதியில் பிரிட்டன் இறங்கி வந்தது. மார்ஷலைப் பிடிவாதக்காரர் என்று குறை கூறுவது எளிது. அதிகாரமில்லாத பதவியில் இருந்தவரிடம் வேறு ஆயுதம் ஏது?

குறுகிய காலத்திலும் அவர் சிலவற்றைத் தொடங்கி வைத்தார். நாடாளுமன்ற உறுப்பினர்கள் இன்று தத்தம் தொகுதியில் நடத்தும் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சி அவர் ஏற்படுத்திய வழக்கமே. தமிழ் உட்பட நான்கு மொழிவழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் என்று அனைத்துக் கட்சிக் குழு பரிந்துரைத்ததும் அவர் காலத்தில்தான்.

1956இல் தன்னாட்சி கோரி மார்ஷல் லண்டன் சென்றார். உள்நாட்டுப் பாதுகாப்பு யாரிடம் இருப்பது என்பதில் பேச்சு முறிந்தது. சொன்ன சொல் காத்து, ஜூன் மாதத்தில் பதவி விலகினார்.

அடுத்து வந்த லிம் இயூ ஹாக்கை வரலாறு அவ்வளவாகப் பாராட்டுவதில்லை. மாணவர்கள் மீதும் தொழிற்சங்கங்கள் மீதும் அவர் எடுத்த கடும் நடவடிக்கைகளால் மக்களின் ஆதரவு குறைந்தது. அதில் நியாயம் உண்டு. ஆயினும், மார்ஷலுக்குக் கைகூடாத உடன்பாட்டை 1957இல் பேசி முடித்தவர் அவரே. உள்நாட்டுப் பாதுகாப்பு மன்றத்தில் சிங்கப்பூருக்கு மூவர், பிரிட்டனுக்கு மூவர், மலாயாவுக்கு ஒருவர் என்பது ஏற்பாடு. முழு அதிகாரம் கேட்டவருக்கு இது குறைவாகத் தோன்றலாம். வெறுங்கையோடு திரும்புவதைவிட இது மேல் என்று லிம் கருதினார். அவரது கணக்கு தவறன்று.

அதன் பலன் அவருக்குக் கிட்டவில்லை. 1959 மே 30ஆம் நாள் நடந்த தேர்தலில் மக்கள் செயல் கட்சி 51 இடங்களில் 43ஐக் கைப்பற்றியது. ஜூன் 5ஆம் நாள் லீ குவான் இயூ பதவியேற்றார், முதலமைச்சராக அன்று, பிரதமராக.