மாமா சொன்ன வாடகைக் கணக்கு



எனக்கு 62,000 டாலர் படிப்புக் கடன். போன வாரம் எடிசன் மாமா சொன்னார்: "ரெண்டு குடும்ப வீடா பாருடா. எஃப்எச்ஏ கடன்ல 3.5 சதவீதம் முன்பணம் போதும். மேல நீ இரு, கீழ வாடகைக்கு விடு. வாடகையிலயே எல்லாம் அடைஞ்சிடும்."

ஆசை வந்தது, மறைக்கவில்லை.

ஆனா கீழே குடிவரப் போறது யாரு? அநேகமாக என் வயசுக்காரர்தான். அவர் தலையிலும் படிப்புக் கடன் இருக்கும். அவர் தரும் வாடகையில் என் கடன் கரையும், அவர் கடன் அப்படியே நிற்கும். குடியிருக்க வீடு வாங்குவது தப்பில்லை. என் சுமையை இன்னொரு கடன்காரர் தலையில் இறக்கி வைப்பதுதான் உறுத்துகிறது. வாடகை ஏறினால் சந்தோஷப்படும் ஆளாக மாறிவிட்டால், வாடகைக் கட்டுப்பாட்டுக் கூட்டத்தில் எந்த முகத்தோடு நிற்பேன்?

2015-இல், லாபத்துக்காக நடந்த கொரிந்தியன் கல்லூரிகளில் படித்து ஏமாந்த 15 பேர், "கடனைக் கட்ட மாட்டோம்" என்று அறிவித்தார்கள். கூட்டம் பெருகியது. ஏழு வருஷப் போராட்டத்துக்குப் பிறகு, 2022-இல், 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை அரசு தள்ளுபடி செய்தது.

நாளைக்கே தவணையை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. தனியாகத் தப்பிக்கப் பார்க்காமல் சங்கமாகச் சேருவோம். மாமாகிட்டயும் அதைத்தான் சொன்னேன். சிரிச்சார். சிரிக்கட்டும்.